போறணையும் ரொட்டிக்கல்லும்

பேராதனையிலிருந்து ஹிந்தகல வழியாகக் கலஹாவுக்கு ஏறும் பாதையில் காலையிலோ மாலையிலோ சற்றுநேரம் நின்றால் ஒரு சிறு சங்கீதம் காதில் விழும். முச்சக்கர வண்டியொன்றின் பின்புறத்தில் கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள்ளே பாண், பணிஸ், மாலு பாண், சீனி தூவிய கிம்புலா பணிஸ். வண்டி வளைவில் திரும்புமுன்பே அதன் மெட்டு வந்து சேர்ந்துவிடும்; லயத்துப் பிள்ளைகள் சில்லறையோடு ஓடிவருவார்கள். சிங்களத்தில் இதற்குச் 'சூன் பாண்' என்று பெயர். பிள்ளைகளுக்கு அது பாண்காரரின் பாட்டு. உண்மையில் அது லுட்விக் வான் பீத்தோவன் என்னும் ஜேர்மானிய இசைமேதை 1810ஆம் ஆண்டில் எழுதிய பியானோ இசைத்துண்டு. 'எலீஸுக்காக' என்பது அதன் பெயர். பீத்தோவன் 1827இல் மறைந்தார். அவர் மறைந்து நாற்பது ஆண்டுகள் கழித்து, 1867ஆம் ஆண்டிலேதான் லுட்விக் நோல் என்ற இசையறிஞரின் முயற்சியால் அது அச்சேறியது.

நேயர்களே, 1867 என்ற ஆண்டு நமக்குப் பழக்கமானது. கலஹாவையும் தெல்தோட்டையையும் தாண்டினால் வரும் லூல்கந்துர தோட்டத்தில் ஸ்கொத்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிராக்கியதும் அதே 1867இல்தான். இரண்டுக்கும் தொடர்பேதுமில்லை, ஆண்டு ஒன்றாய் அமைந்தது தற்செயல். ஆனால் அந்தத் தேயிலை உண்டாக்கிய லயங்களின் வாசலுக்கே அந்த ஜேர்மானிய மெட்டு இன்று பாணைக் கொண்டுவருகிறது. அந்தப் பாண் இங்கே வந்துசேர்ந்த வழி நேரானதல்ல. அந்த வழியைப் பற்றியே இன்று பேச நினைக்கிறேன். அதற்கு முன் அந்த மெட்டு பிறந்த தேசத்தில் மாவைப் பிசைந்து என்ன செய்தார்கள் என்பதைப் பார்த்துவிடுவோம். ஒப்பிட்டுப் பார்த்தால்தான் நம் கதை விளங்கும்.

ஜேர்மனியின் தென்பகுதியில், ஸ்வாபியா, பவேரியா ஆகிய நாட்டுப்புறங்களில், வெதுப்பகத்தின் வாசலில் ஒரு சின்னம் தொங்கும். கயிறு போல் உருட்டிய மாவை வளைத்து, இரு முனைகளையும் முறுக்கி, மீண்டும் வளைவின்மீது ஒட்டியதுபோன்ற உருவம். அதுவே பிரேட்சல். வெளியே பளபளக்கும் கருஞ்சிவப்புத் தோல், உள்ளே வெள்ளை வெளேரென்ற மெதுமை, மேலே கல்லுப்பு. பார்த்த மாத்திரத்தில் நமக்கு முறுக்கின் ஞாபகம் வரும். பெயரும் அப்படித்தான். நம்முடைய முறுக்கு முறுக்கியதால் பெயர் பெற்றது. பிரேட்சலோ இலத்தீன் மொழியில் 'கை' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. மார்பின் குறுக்கே கட்டிய இரண்டு கைகளைப்போல் அது இருப்பதாக அந்த மக்கள் கண்டார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அல்சாஸ் மடமொன்றில் கன்னித்துறவியர் தலைவி ஹெராட் உருவாக்கிய 'இன்பத் தோட்டம்' என்ற சித்திர நூலில், எஸ்தர் இராணியின் விருந்து மேசையில் இந்தப் பண்டம் வரையப்பட்டிருக்கிறது. மூலப்பிரதி 1870இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகர முற்றுகையின்போது எரிந்து போயிற்று. முன்பே எடுத்து வைத்த படிகளால்தான் அந்தச் சித்திரம் நமக்குத் தெரியவருகிறது.

ஊராக் என்ற ஊரில் ஒரு கதை சொல்வார்கள். குற்றஞ்செய்து பிரபுவிடம் அகப்பட்ட வெதுப்புகாரன் ஒருவனுக்கு, 'சூரியன் மூன்று முறை ஊடுருவித் தெரியும் பண்டமொன்றைச் செய்தால் உயிர் தப்பலாம்' என்று நிபந்தனை விதிக்கப்பட்டதாம். அவன் மனைவி கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து மூன்று துவாரமுள்ள இந்த வடிவத்தைக் கண்டுபிடித்தானாம். சுடும் வேளையில் பூனை பாய்ந்து தட்டைத் தட்டிவிட, மாவெல்லாம் காரநீர் வாளிக்குள் விழுந்ததாம். பூனையை நான் நம்பவில்லை. எல்லாத் தேசங்களிலும் சமையற் கண்டுபிடிப்புகளின் பெருமை ஏதாவது ஒரு பிராணிக்கோ விபத்துக்கோ போய்விடுகிறது. நாள்தோறும் அடுப்படியில் நின்றவர்களுக்குப் போவதில்லை.

ஆனால் காரநீர் உண்மை. பிரேட்சலின் இரகசியம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. சுடுவதற்கு முன் மாவை நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு எரிசோடா கலந்த நீரில் ஒருமுறை முக்கி எடுப்பார்கள். காரம் மேல்தோலின் மாச்சத்தைப் பசையாக்குகிறது. வெப்பத்தில் புரதமும் சர்க்கரையும் சேர்ந்து சிவக்கும் வினையை விரைவுபடுத்துகிறது. மயார் என்ற பிரெஞ்சு இரசாயனவியலாளர் 1912இல் அந்த வினையை விளக்கினார். ஆதலால் அவர் பெயரே அதற்கு வழங்குகிறது. எரிசோடா ஆலைகளில் மலிவாகக் கிடைப்பதற்கு முந்தைய காலத்தில் காரம் என்றால் விறகுச் சாம்பலை நீரில் கரைத்துத் தெளிந்த நீர்தான். நமக்கும் இது புதிய விடயமல்ல. உளுத்தம்மாவில் அப்பளக்காரம் சேர்த்துப் பிசையாமல் அப்பளம் பொரியாது. சாம்பலையும் உவர்மண்ணையும் கொண்டே ஒருகாலத்தில் துணி வெளுத்தார்கள். ஊராக்கின் வெதுப்புகாரனும் நம்மூர் அப்பளக்காரியும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே இரசாயனத்தைக் கையாண்டிருக்கிறார்கள்.

இன்னொரு செய்தி நம் கதைக்கு மிக முக்கியமானது. அந்த நாட்டுப்புற வீடுகள் பலவற்றில் போறணை இருக்கவில்லை. விறகை மிச்சப்படுத்தவும் தீவிபத்தைத் தவிர்க்கவும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்வாபியக் கிராமங்கள் பலவற்றில் பொதுவான வெதுப்பு வீடுகள் கட்டப்பட்டன. ஊருக்கு ஒரு போறணை. இன்ன நாளில் இன்ன வீட்டார் என்று முறைவைத்து மாவை அங்கே சுமந்து வருவார்கள். சூடு தணியுமுன் ஒருவர் பாணை எடுக்க மற்றவர் பாணை இடுவார். பெண்கள் கூடுமிடம் அது. ஊர்ச்செய்தி பரவுமிடமும் அதுவே. இன்றும் சில கிராமங்களில் அந்தச் சிறு கட்டடங்கள் புகைந்துகொண்டிருக்கின்றன. போறணை ஊரின் சொத்தாக இருந்தது என்பதை மட்டும் மனதில் இருத்திக்கொள்ளுங்கள்.

அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் கண்டிக்கு வந்ததுமுண்டு. வூர்ட்டம்பேர்க்கின் கால்வ் என்ற சிற்றூரில் 1877இல் பிறந்த ஹெர்மன் ஹெஸ்ஸேதான் அவர். தலதா மாளிகையைத் தரிசித்தார். வயிற்றுக் கோளாறால் வருந்தினார். அது 1911ஆம் ஆண்டு. பதினோராண்டுகளின் பின் அவர் வெளியிட்ட 'சித்தார்த்தன்' நம் இலக்கிய அன்பர்கள் அறிந்த நாவல். அவருடைய தாயார் 1842இல் மலபார்க் கரையின் தலசேரியில் பிறந்தவர். பாட்டனார் ஹெர்மன் குண்டர்ட் மலையாள அகராதி செய்த பெரியவர். பிரேட்சலின் தாயகத்திலிருந்து வந்த இந்த எழுத்தாளர் கண்டியில் என்ன பாண் உண்டார் என்று ஆராய்வது நம் வேலையல்ல. ஆனால் அவர் தங்கிய விடுதிகளின் சமையலறையில் போறணை ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். அதே வேளையில் மலையேறிப்போனால் லயங்களில் அது இல்லை.

இனி நம் பக்கத்துக் கதை. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ், இங்கு விளையும் தானியங்களைத் தம் நூலில் வகைப்படுத்தி எழுதியிருக்கிறார். நெல் வருகிறது, குரக்கன் வருகிறது, தினை வருகிறது, பயறு வருகிறது. கோதுமை வரவில்லை. மலைநாட்டு ரொட்டி அக்காலத்தில் குரக்கன் ரொட்டியாகவே இருந்திருக்க வேண்டும். கோதுமைப் பாண் கரையோரத்தில் போர்த்துக்கேயரோடு வந்தது. சொற்களே அதற்குச் சாட்சி. பாண் அவர்களுடைய சொல், போறணை அவர்களுடைய சொல், விசுக்கோத்தும் அவர்களுடையதே. தமிழ்நாட்டு நூல்களில் 'ரொட்டி' என்று வாசிக்கும் நம்மூர்ப் பிள்ளை குழம்பிப்போவதும் இதனாலேதான். அங்கே ரொட்டி என்பது பெரும்பாலும் நம்முடைய பாண். இங்கே ரொட்டி வேறு, பாண் வேறு. பாண் போறணையில் வேகும். ரொட்டி கல்லில் வேகும். வெறும் சொல் வேறுபாடாகத் தோன்றும் இதற்குள் மலையகத்தின் சமூக வரலாறு ஒரு நூற்றாண்டளவு அடங்கியிருக்கிறது என்பேன்.

கோப்பிக் காலத்தில் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் பக்கங்களிலிருந்து மலையேறி வந்தவர்கள் ஊரிலே கேழ்வரகுக் கூழும் கம்பஞ்சோறும் சோளமும் உண்டவர்கள். நெற்சோறு அவர்களுக்குத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் உரியது. தோட்டம் அவர்களை அரிசிக்குப் பழக்கியது. கங்காணியின் வாக்குறுதிகளிலும் அரிசி இருந்தது. தோட்டக் கணக்கிலும் அரிசி இருந்தது. வாரந்தோறும் அரிசி போட்டு, அதன் பெறுமதியைச் சம்பளத்தில் கழித்துக்கொள்வார்கள். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வேதனச் சட்டம்கூடச் சம்பளத்தோடு அரிசியின் விலையையும் சேர்த்தே பேசியது. கூலி என்பது பாதி காசாகவும் பாதி வயிறாகவும் கணிக்கப்பட்ட காலம் அது. அந்த அரிசியில் பெரும்பங்கு பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தது.

துரை பங்களாவில் நிலைமை வேறு. அங்கே இரும்படுப்போடு சேர்ந்த போறணை இருந்தது. கோக்கி அதில் பாண் சுட்டார், கேக் சுட்டார், கோழியை வாட்டினார். நல்ல 'ஈஸ்ட்' கிடைக்காத நாட்களில் கள்ளைவிட்டு மாவைப் புளிக்கவைக்கும் உபாயமும் இந்நாட்டு வெதுப்புகாரருக்குத் தெரிந்திருந்தது. ஆப்பத்துக்கு நாம் செய்வதுதானே. அந்தக் கோக்கியின் வீடு லயத்திலோ அதன் அருகிலோ இருந்தது. பகலெல்லாம் போறணையின் முன் நின்றவர் இரவில் இஸ்தோப்பிலிருந்த மூன்று கல் அடுப்புக்குத் திரும்பினார். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவில் ஒரு குடும்பமே படுத்தெழும்ப வேண்டும். அங்கே போறணைக்கு இடமேது? ஸ்வாபியக் கிராமத்தில் வீட்டில் இல்லாத போறணை ஊரின் நடுவே இருந்தது. தோட்டத்தில் அது துரையின் சமையலறையிலே இருந்தது. பொதுப்போறணை ஒன்றை லயத்துக்கு ஒன்றாகக் கட்டிக்கொடுக்க வேண்டுமென்று எந்தக் கம்பனிக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. கொழுந்து வாட்டுவதற்கும் உலர்த்துவதற்கும் எத்தனை எந்திரங்களை மலையேற்றினார்கள் என்பதை நினைத்தால், நாலு செங்கல்லை வளைத்துக் கட்டுவது பெரிய காரியமல்ல.

கோதம்ப மா லயத்துக்குள் அதிகமாக நுழைந்தது யுத்தத்தின் வழியாக. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. பர்மா அரிசி நின்றது. அரிசிக்குப் பங்கீடு வந்தது. குறைந்த அரிசிக்கு ஈடாக மா கொடுக்கப்பட்டது. கொடுத்தவர்களுக்கு அது தற்காலிக ஏற்பாடு. யுத்தம் முடிந்தது, மா முடியவில்லை. 1954இல் அமெரிக்கா தன் உபரித் தானியத்தைப் பிறநாடுகளுக்கு வழங்க 480ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றியபின் அந்த மாவும் இங்கே வந்து இறங்கியது. ஒரு சமூகத்தின் பிரதான உணவு, அதன் நாவைக் கேளாமலே, கப்பற் போக்குவரத்தாலும் கணக்குப் புத்தகத்தாலும் தீர்மானிக்கப்பட்டது.

இருந்தாலும் லயத்துப் பெண்கள் அந்த அந்நிய மாவைத் தம்முடையதாக்கிக் கொண்டார்கள் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, உள்ளங்கையால் தட்டி, கல்லிலே போட்டு, பின் தணலருகே நிறுத்திக் கரை வேகவைத்து எடுத்த ரொட்டி ஒரு சாதாரண கண்டுபிடிப்பல்ல. புளிக்கவைக்கும் நேரம் தேவையில்லை. விடியற்காலையில் பெரட்டுக்கு ஓடுமுன் முடித்துவிடலாம். கறி தேவையில்லை, கொச்சிக்காய்ச் சம்பல் போதும். துணியில் சுற்றிக் கொழுந்து மலைக்குக் கொண்டுபோனால் மத்தியானம்வரை கெடாது. தேத்தண்ணியில் தோய்த்தால் பல்லில்லாத கிழவிக்கும் உணவு. தேங்காய் வாங்க வழியில்லாத வாரத்தில் மாவும் உப்பும் தண்ணீரும் மட்டுமே. அப்போது ரொட்டி தடிக்கும், கடிக்கக் கடினமாகும்.

அந்த ரொட்டிக்கும் பஞ்சம் வந்தது. 1972ஐ அடுத்து உலகச் சந்தையில் கோதுமை விலை ஏறியது. நாட்டிலே அந்நியச் செலாவணி இல்லை. பட்டினங்களில் பாணுக்கு அதிகாலையிலிருந்து வரிசை. தோட்டங்களில் பங்கீட்டு மா குறைக்கப்பட்டது, வேலைநாட்களும் குறைந்தன. கிராமத்தவருக்கு ஒரு துண்டு வயலோ, ஒரு மரவள்ளித் தோட்டமோ இருந்தது. லயத்தவருக்குத் தாம் குந்தியிருக்கும் மண்ணும் சொந்தமில்லை. 1973, 1974 ஆண்டுகளில் மலையகத்தில் மக்கள் பட்டினியால் மடிந்தார்கள். 1974இல் தோட்டப்பகுதி மரண விகிதம் திடீரென மேலேறியதை அரசாங்கப் புள்ளிவிபரங்களே பதிந்திருக்கின்றன. குடும்பங்கள் கண்டித் தெருக்களில் கையேந்தி நின்றன. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ் இந்தியாவுக்குப் போவதா இல்லையா என்று இழுபட்டிருந்த பலரைக் கப்பலேறச் செய்தது இந்த இரண்டு வருடப் பட்டினிதான். 'தாய்நாட்டுப் பாசம்' என்று எழுதிவிடுவது எளிது. மாச்சட்டி காலியாயிருந்தது என்று எழுதுவதே சரி.

பிறகு வந்தவற்றை விரைந்து சொல்லலாம். 1980இல் திருகோணமலையில் பிறீமா மா ஆலை இயங்கத் தொடங்கியது. வந்திறங்கும் கோதுமை இங்கேயே அரைபட்டது. கடைகளில் மா தாராளமாயிற்று. பட்டினத்து விறகுப் போறணைகளின் பாண் தோட்டத்துக் கடைகளுக்கும் வந்தது. அச்சுப் பாண், றோஸ் பாண் என்ற பேச்சு லயத்திலும் புழங்கியது. இந்த நூற்றாண்டில் போறணையே சக்கரம் பூட்டிக்கொண்டதுபோல் பீத்தோவனின் மெட்டோடு சூன் பாண் வந்துசேர்ந்தது. 2022இல் நாடு பொருளாதாரத்தில் விழுந்தபோது மாவின் விலை ஏறியது; எரிவாயு இல்லாமல் பல பேக்கரிகள் மூடப்பட்டன; சூன் பாணின் மெட்டும் பல இடங்களில் ஓய்ந்தது. லயத்தில் தேயிலை மிளாறு எரிந்த அடுப்பு அணையவில்லை. ஆனால் அடுப்பு எரிவதால் மட்டும் வயிறு நிறைந்துவிடாது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் உயர வளர்ச்சி குன்றியவர்கள் நாட்டளவில் ஏறத்தாழ 17 வீதம். தோட்டத்துறையில் ஏறத்தாழ 32 வீதம். மாவையே நம்பிய மூன்று தலைமுறைகளின் கணக்கு அதற்குள் இருக்கிறது. ரொட்டியைக் குறைசொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ரொட்டிக்குப் பக்கத்தில் பருப்பும் முட்டையும் கீரையும் வைக்க முடியாத சம்பளத்தைச் சொல்கிறேன்.

இனி, கலஹாவில் ஒரு வீட்டில் பிரேட்சல் சுட முடியுமா என்று கேட்டால், முடியும். போறணை இல்லாவிட்டாலும் முடியும். அரைக் கிலோ மாவுக்கு ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் கூடுதலான உலர்ந்த ஈஸ்ட், இரண்டு தேக்கரண்டி உப்பு, ஒரு சிறு துண்டு வெண்ணெய், கைச்சூட்டு நீர் 280 மில்லிலீற்றர். ரொட்டிமாவைவிடச் சற்று இறுக்கமாகப் பத்து நிமிடம் பிசைய வேண்டும். மலைக்குளிரில் மா ஒரு மணித்தியாலத்தில் பொங்கிவிடாது. அடுப்பின் வெதுவெதுப்பில் வைத்துப் பொறுத்திருக்க வேண்டும். எட்டாகப் பிரித்து, நடு தடித்தும் நுனி மெலிந்தும் இருக்கும்படி இரண்டடி நீளத்துக்கு உருட்டி, கைகட்டியதுபோல் முறுக்கி ஒட்டி, அரை மணிநேரம் மூடாமல் குளிர்ந்த இடத்தில் வைத்தால் மேல்தோல் சற்றுக் காயும். காய்ந்தால்தான் காரநீரில் உருக்குலையாது.

எரிசோடாவை வீட்டுக்குள் கொண்டுவராதிருப்பதே நல்லது. அது தோலையும் கண்ணையும் பொசுக்கும். கடைகளில் கிடைக்கும் அப்பச்சோடா போதும். ஒரு லீற்றர் கொதிநீருக்கு மூன்று மேசைக்கரண்டி. பிரேட்சலை அதில் அரை நிமிடம் விட்டு அரிகரண்டியால் எடுக்க வேண்டும். ஒரு விடயம் முக்கியம்: அலுமினியப் பாத்திரத்தில் இதைச் செய்யக்கூடாது, காரம் அலுமினியத்தை அரித்துப் பாத்திரத்தைக் கறுக்கவைக்கும், மாவிலும் அதன் வாடை ஏறும். நம் வீடுகளில் அலுமினியமே அதிகம் என்பதால் சொல்கிறேன். எவர்சில்வரோ எனாமலோ இரவலாவது வாங்கிக்கொள்ளலாம். அப்பச்சோடாவின் நிறம் எரிசோடாவின் கருஞ்சிவப்பை எட்டாது. பொன்னிறத்துக்கும் செம்மைக்கும் இடையில் நின்றுவிடும். சோடாவை முதலில் வெறுந்தட்டில் ஒரு மணிநேரம் சூடாக்கிப் பின் கரைத்தால் காரம் கூடும், நிறமும் ஏறும்.

சுடுவதற்கு மின்போறணை இருந்தால் 220 பாகையில் கால்மணி நேரம். இல்லாதவர்கள், கிறிஸ்மஸ் காலத்தில் மண்சட்டியில் கேக் சுட்ட நம் பாட்டிமாரின் வழியைப் பின்பற்றலாம். கனத்த சட்டியின் அடியில் மணல் பரப்பி, அதன்மேல் தட்டை வைத்து, மூடியின்மேலும் கீழும் தணல் இட வேண்டும். மேல் தணல் கூடுதலாக இருக்கட்டும். பிரேட்சல் சிவக்க வேண்டியது மேற்புறத்தில்தான். தடித்த வயிற்றுப்பாகத்தைக் கத்தியால் ஒருமுறை கீறிவிட்டால் அங்கே வெள்ளையாக வெடித்துச் சிரிக்கும். ஸ்வாபியர் அப்படிக் கீறுவார்கள். பவேரியர் கீறாமல் தானே வெடிக்க விடுவார்கள். இதுபற்றி அவ்விரு பகுதியாருக்கும் ஓயாத வாதமுண்டு. நமக்கு அதில் பங்கில்லை.

மேலே தூவும் உப்புக்கு நம்மூர்க் கல்லுப்பே போதும். ஆனால் அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மலையக மூடுபனியில் சில மணிநேரத்திலேயே தோல் தளர்ந்து பளபளப்பு மங்கிவிடும். ஆகையால் எட்டுப் பிரேட்சல் சுட்டவர் அவற்றைச் சூடு ஆறுமுன் பக்கத்துக் காம்பிராக்களுக்கும் கொடுத்து அன்றே தின்று முடிக்க வேண்டும்.